"ஏரியா எப்படிங்க?": பயம் ஒரு கணக்கு, ஆபத்து ஒரு கணக்கு

வாடகைக்கு வீடு தேடுகிறவர்கள் அட்வான்ஸ் எவ்வளவு, தண்ணீர் எப்படி, மாடிக்குத் தனி வழி உண்டா என்றெல்லாம் விசாரித்து முடித்துவிட்டு, கடைசியில் குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு கேட்பார்கள்: "ஏரியா எப்படிங்க?" புதுச்சேரி லாஸ்பேட்டையில் கேட்டாலும் இதே கேள்விதான், வேலை கிடைத்த பிள்ளைக்குச் சென்னையிலோ பெங்களூரிலோ அறை பார்க்கும்போதும் இதே கேள்விதான். பதில் ஒரே வரியில் வந்துவிடும். "டீசன்ட்டான ஏரியா சார்." இல்லையென்றால், "ஐயையோ, அந்தப் பக்கமா? வேண்டாம்."

இந்த ஒரு வரிக்குள் இரண்டு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. அங்கே உண்மையில் என்ன குற்றம், எவ்வளவு, யாருக்கு நடக்கிறது என்பது ஒன்று. அந்த இடத்தைப் பார்த்தால், அல்லது பெயரைக் கேட்டாலே, நமக்குள் என்ன தோன்றுகிறது என்பது இன்னொன்று. குற்றவியலில் இரண்டையும் தனித்தனியாகவே அளக்கிறார்கள். முதலாவதற்குப் போலீஸ் பதிவுகளும், பாதிக்கப்பட்டீர்களா என்று வீடு வீடாகக் கேட்கும் கணக்கெடுப்புகளும் உண்டு. இரண்டாவதற்கு, "இரவில் உங்கள் பகுதியில் தனியாக நடக்கும்போது பாதுகாப்பாக உணர்கிறீர்களா?" என்ற கேள்வி பல நாடுகளில் வழக்கத்தில் இருக்கிறது. அந்தக் கேள்வியில் குற்றம் என்ற சொல்லே இல்லை, கவனியுங்கள். நம் ஊரில் கேட்டால் பாதிப் பேர் தெருநாயை நினைத்துக்கொண்டுதான் "இல்லை" என்று சொல்வார்கள்.

கண் எதைப் பார்த்துப் பயப்படுகிறது

நம்மில் பெரும்பாலோர் வழிப்பறியையோ செயின் பறிப்பையோ நேரில் பார்த்ததே கிடையாது. ஆனாலும் சில இடங்களில் நெஞ்சு படபடக்கிறது. எரியாத தெருவிளக்கு, வாரக்கணக்கில் அள்ளாத குப்பை, கதவு பெயர்ந்து கிடக்கும் பாழடைந்த வீடு, சாராயக்கடை வாசலில் சட்டை விலகிக் கிடக்கும் ஆள், முக்கில் பைக் மேல் உட்கார்ந்து சத்தமாகப் பேசும் நாலு பையன்கள். இந்த அடையாளங்களைத்தான் மனசு குற்றம் என்று படிக்கிறது. 1982இல் ஜேம்ஸ் வில்சன், ஜார்ஜ் கெல்லிங் என்ற இரண்டு அமெரிக்கர்கள், உடைந்த ஜன்னலை அப்படியே விட்டால் பெரிய குற்றங்களும் அங்கே வந்து சேரும் என்று வாதிட்டார்கள். அது சரியா என்று ஆய்வாளர்கள் இன்றுவரை சண்டை போடுகிறார்கள். ஆனால் உடைந்த ஜன்னல் பயத்தைக் கூட்டும் என்பதில் அவ்வளவு சண்டை இல்லை.

புதுச்சேரியில் இதை நடந்தே பார்த்துவிடலாம். மாலை ஆறு மணிக்கு மேல் கடற்கரைச் சாலையில் வண்டிகளை விடமாட்டார்கள். விளக்கு, கூட்டம், சுண்டல், சிவப்புத் தொப்பி போட்ட போலீஸ்காரர் என்று கைக்குழந்தையோடு நிம்மதியாக நடக்கலாம். அங்கிருந்து மேற்கே வந்து, பெரிய வாய்க்காலைத் தாண்டி, கடைகள் மூடிய பிறகு குபேர் மார்க்கெட்டின் பின்பக்கச் சந்துக்குள் நுழைந்தால் நடை தானாகவே வேகமாகிவிடும். ஈரத் தரை, மீன் வாடை, பாதி இறக்கிய ஷட்டர், சாக்கு விரித்துப் படுத்திருக்கும் ஓர் ஆள். அவர் விடிவதற்குள் வரும் காய்கறி லோடை இறக்கக் காத்திருப்பவராகத்தான் இருப்பார். செல்போனைப் பறிகொடுக்க இந்த இரண்டில் எது தோதான இடம் என்றால், நான் கடற்கரையைத்தான் சொல்வேன். பாக்கெட்டில் கை விடுகிறவனுக்குக் கூட்டம் வேண்டும், கவனம் வேறெங்கோ இருக்கிற ஆள் வேண்டும். இரண்டும் அங்கேதான் கிடைக்கும். அப்புறம், இந்த ஊர்க் கடற்கரைகளில் வெளியூர்க்காரர் உயிரைக் கொண்டுபோவது திருடனைவிடக் கடல்தான். அலையில் இறங்குகிறவர்கள் யாரும் "ஏரியா எப்படி" என்று கேட்பதில்லை.

இதிலேயே இன்னொன்றும் உண்டு. ஜேன் ஜேக்கப்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி 1961லேயே சொன்னது: ஒரு தெருவைப் பாதுகாப்பாக வைத்திருப்பவை முதலில் அந்தத் தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கும் கண்கள், போலீஸ் அப்புறம்தான். கடைக்காரர், ஜன்னலோரப் பாட்டி, வாசலில் உட்கார்ந்திருப்பவர்கள். தமிழர் பகுதியில் வைசியாள் வீதி மாதிரித் தெருக்களில் வாசலிலேயே திண்ணை, அதற்கு முன்னால் தாழ்வாரம். யார் வந்தார், யார் போனார் என்று தெருவுக்கே தெரியும். வாய்க்காலுக்குக் கிழக்கே இருக்கும் அழகான பிரெஞ்சுத் தெருக்களில் நீளமான மஞ்சள் மதில், மூடிய கதவு. பகலில் ஆயிரம் பேர் நின்று படம் எடுக்கிறார்கள். இரவு பதினொரு மணிக்கு அந்த மதிலோரம் ஒருவர் கூப்பிட்டால் திறக்கிற கதவு எத்தனை? அழகு வேறு, காவல் வேறு.

பேசாமல் விடுகிற ஒரு அடையாளம்

சிகாகோவில் ராபர்ட் சாம்ப்சன், ஸ்டீபன் ராடன்புஷ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் தெருத்தெருவாக வீடியோ எடுத்துக் குப்பை, உடைசல், சுவரில் கிறுக்கல் எல்லாவற்றையும் எண்ணினார்கள். பிறகு அங்கே குடியிருப்பவர்களிடம் "உங்கள் பகுதி எவ்வளவு சீர்கெட்டுக் கிடக்கிறது?" என்று கேட்டார்கள். 2004இல் வெளியான முடிவு இது: மக்கள் சொன்ன சீர்கேட்டை எண்ணிப் பார்த்த குப்பையைக்கொண்டு மட்டும் விளக்க முடியவில்லை. அங்கே கறுப்பின மக்களும் ஏழைகளும் எவ்வளவு பேர் வசித்தார்கள் என்பது அதைவிட நன்றாக விளக்கியது. ஒரே அளவு குப்பை. பார்க்கிற கண்ணுக்கு இங்கே அசிங்கம், அங்கே சாதாரணம்.

நமக்கு இதைப் புரிந்துகொள்ள சிகாகோ வரைக்கும் போக வேண்டியதில்லை. "டீசன்ட்டான ஏரியா" என்று சொல்லும் தரகர் பல நேரம் அங்கே எந்தச் சாதிக்காரர்கள் இருக்கிறார்கள் என்பதைத்தான் சொல்கிறார். கேட்கிறவரும் அதைத்தான் கேட்கிறார். குப்பம், காலனி, வாரியக் குடியிருப்பு என்று முகவரியில் வந்தாலே போதும், திருட்டுக் கணக்கை யாரும் கேட்பதில்லை. சினிமாவில் வடசென்னை என்றால் கையில் கத்தி இருந்தே ஆக வேண்டும் என்கிற மாதிரி ஆகிவிட்டது. அங்கே மீன் விற்று, துறைமுகத்தில் வேலை பார்த்து, பிள்ளைகளை இன்ஜினீயரிங் படிக்கவைக்கும் குடும்பங்களுக்கு இதனால் நேரும் கஷ்டம் சின்னதில்லை. ஆட்டோ உள்ளே வர மறுக்கும். வேலைக்கான நேர்காணலில் முகவரியைப் பார்த்ததும் முகம் மாறும். பெண் கொடுக்க யோசிப்பார்கள். எங்கேயோ ஒரு திருட்டு நடந்தால் சந்தேகம் முதலில் இங்கேதான் வரும். இந்தச் சந்தேகத்தாலேயே இங்கே கைதுகள் கூடும், கைதுகள் கூடியதாலேயே பெயர் இன்னும் கெடும்.

செய்தித்தாள், வாட்ஸ்அப்

ஒரு விஷயத்துக்கு எத்தனை உதாரணம் சட்டென்று ஞாபகத்துக்கு வருகிறதோ, அந்த அளவுக்கு அது அடிக்கடி நடக்கிறது என்று மனித மனம் கணக்குப் போடுகிறது. ஆமோஸ் ட்வெர்ஸ்கி, டேனியல் கானெமன் என்ற உளவியலாளர்கள் இருவரும் 1973இல் இதைப் பற்றி எழுதினார்கள். நம் பக்கம் இதற்கு நல்ல உதாரணம், நாட்டு வெடிகுண்டு வீசிக் கொலை என்று புதுச்சேரியிலிருந்து அவ்வப்போது வரும் செய்தி. படித்தவர் மனதில் அந்த ஊர்ப் பெயரும் குண்டும் ஒட்டிக்கொள்கின்றன. செய்தியின் நாலாவது வரியில் "முன்விரோதம் காரணமாக" என்று இருக்கும்; அது மறந்துபோகும். இரண்டு கோஷ்டிகளுக்குள் நடப்பது அந்தத் தெருவில் இட்லிக்கடை வைத்திருப்பவருக்கு அதிர்ச்சிதான், ஆனால் அவரைத் தேடி யாரும் குண்டோடு வருவதில்லை.

நாடு முழுவதுக்கும் பார்த்தாலும் இதுதான் நிலைமை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கையில் கொலை வழக்குகள் 28,522. இவற்றில் தகராறு காரணமாக 9,962, பகை காரணமாக 3,761. பணம், நகை போன்ற ஆதாயத்துக்காக நடந்தவை 1,884. நூற்றுக்கு ஏழுகூட வரவில்லை. இருட்டுச் சந்தில் முன்பின் தெரியாத ஒருவன் பாய்ந்து வருவான் என்று நாம் மனதில் ஓட்டிப் பார்க்கும் படம், இந்த ஏழுக்குள்தான் பெரும்பாலும் அடங்கும். பாலியல் வன்கொடுமை வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் குற்றம் சாட்டப்பட்டவர் அந்தப் பெண்ணுக்கு ஏற்கெனவே தெரிந்தவர். பெண்களுக்கு எதிரான குற்றங்களில் மிகப் பெரிய பிரிவு, கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு, கணவரோ கணவர் வீட்டாரோ செய்யும் கொடுமை. அதே 2022இல் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். கொலையைப்போல் ஏறக்குறைய ஆறு மடங்கு. கடலூர் சாலையில் ஹெல்மெட் இல்லாமல் மூன்று பேராகப் பறந்துகொண்டே "அந்த ஏரியா பக்கம் மட்டும் போகாதே மச்சி" என்று பேசிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்தால் என்ன சொல்வது?

வாட்ஸ்அப் வந்த பிறகு தூரத்து ஆபத்தும் வாசல்படி வரை வந்துவிடுகிறது. எந்த மாநிலத்திலோ பதிவான சிசிடிவி காட்சி "நம்ம ஏரியா, உஷார்" என்ற வரியோடு குடியிருப்போர் குழுவில் வந்து விழும். 2018 மே மாதம் குழந்தை கடத்தும் கும்பல் திரிவதாக இப்படித்தான் பரவியது. திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்கு வழி கேட்க நின்ற குடும்பத்தைக் கூட்டம் சேர்ந்து அடித்ததில் ஒரு மூதாட்டி இறந்துபோனார். அந்த ஆண்டு ஜூலையில்தான் இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கோ குழுக்களுக்கோ மேல் ஒரு செய்தியை ஃபார்வர்டு செய்ய முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்பாடு கொண்டுவந்தது. 2023 மார்ச்சில் நாமே எதிர்ப்பக்கம் நின்றோம். தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்களை வெட்டுகிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பீகார் முழுக்கச் சுற்றின. பீகார் அரசு ஒரு குழுவையே இங்கே அனுப்பிப் பார்த்தது. பாட்னாவில் உட்கார்ந்து பயந்த அம்மாவுக்குத் திருப்பூரும் ஒரு "டேஞ்சர் ஏரியா"தான்.

அமெரிக்காவில் 1990களின் தொடக்கத்துக்குப் பிறகு கால் நூற்றாண்டில் வன்முறைக் குற்றங்கள் ஏறக்குறைய பாதியாகிவிட்டன. அந்தக் காலத்தில் பெரும்பாலான ஆண்டுகளில் காலப் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் கேட்டபோது, பாதிக்கு மேற்பட்டவர்கள் "போன வருஷத்தைவிட நாட்டில் குற்றம் கூடிவிட்டது" என்றே சொன்னார்கள். உங்கள் பகுதியில் எப்படி என்று கேட்டால் மட்டும் அவ்வளவு பேர் அப்படிச் சொல்லவில்லை. தினமும் நடந்துபோகிற தெருவை அவர்களுக்குத் தெரியும். மற்ற ஊரை டிவியில் பார்க்கிறார்கள்.

சரி, புள்ளிவிவரத்தையே பார்த்துவிடலாமே?

பார்க்கலாம். ஆனால் அதற்கும் கொஞ்சம் பழக வேண்டும். காய்ச்சலைக் கையால் தொட்டுப் பார்ப்பதைவிடத் தெர்மாமீட்டர் மேல். தெர்மாமீட்டரும் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

போலீஸ் கணக்கில் வருவது நடந்த குற்றம் முழுவதும் இல்லை, பதிவான குற்றம். செல்போன் திருடுபோனால் நம்மில் எத்தனை பேர் ஸ்டேஷனுக்குப் போகிறோம்? போனாலும் தமிழ்நாட்டில் பல நேரம் கையில் கிடைப்பது சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது புகாரை வாங்கிக்கொண்டதற்கான சீட்டு மட்டும். "திருட்டு" என்று எழுதிக் கொடுத்தது "தொலைந்துவிட்டது" என்று மாறிப்போவதும் உண்டு. எஃப்.ஐ.ஆர். போடாதது குற்ற எண்ணிக்கையில் சேராது. அதனால்தான் ஒழுங்காகப் பதிகிற மாநிலம் பட்டியலில் மோசமாகத் தெரியும். கேரளா பல ஆண்டுகள் மேல்வரிசையில் வருவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆவணக் காப்பகமே தன் அறிக்கையில், குற்றம் கூடுவதும் குற்றப் பதிவு கூடுவதும் வெவ்வேறு என்று எச்சரிக்கிறது. கொலையை மட்டும் மறைப்பது கஷ்டம். ஊர்களை ஒப்பிட வேண்டுமென்றால் அதைப் பார்ப்பது ஓரளவு நம்பகமானது.

கடலூர் எல்லையில் இருக்கும் ஆல்பேட்டை சோதனைச்சாவடியைப் பாருங்கள். புதுச்சேரியில் மது விலை குறைவு. முள்ளோடை தாண்டினால் கடலூர். சீட்டுக்கடியில், பெட்ரோல் டேங்க் கவரில், பால் கேனில் என்று பாட்டில் வருகிறது. அங்கே நிற்கும் போலீசார் பிடிக்கிறார்கள். இந்த மதுவிலக்கு வழக்குகள் பொதுவாக யாரும் புகார் கொடுத்து வருபவை கிடையாது. சோதனை போட்டால் வழக்கு, போடாவிட்டால் இல்லை. கூடுதலாக ஆள் போட்டுத் தீவிரமாகத் தேடுகிற மாதத்தில் அந்தக் காவல் நிலையத்தின் "குற்றம்" ஏறியிருக்கும். பக்கத்துத் தெருவில் இருக்கிற வீட்டுக்காரருக்கு அதனால் ஓர் ஆபத்தும் கூடியிருக்காது.

எதனால் வகுக்கிறோம் என்பது அடுத்தது. குற்ற விகிதத்தை லட்சம் பேருக்கு இத்தனை என்று சொல்வார்கள். ஒரு குடியிருப்புப் பகுதியில் 40,000 பேர் வசிக்கிறார்கள், வருஷத்தில் 40 பைக் திருட்டு என்று வைத்துக்கொள்வோம். லட்சத்துக்கு 100. கடைத்தெருவை ஒட்டிய பகுதியில் வசிப்பவர்கள் 4,000 பேர், அங்கேயும் 40 திருட்டு. லட்சத்துக்கு 1,000! பத்து மடங்கு மோசம் என்று தலைப்பு போடலாம். ஆனால் திருடுபோன பைக்கெல்லாம் நேரு வீதிக்குத் துணி எடுக்க வந்தவர்களுடையது, வார இறுதியில் வந்த சுற்றுலாப் பயணிகளுடையது. வகுத்ததோ அங்கே படுத்து எழுகிறவர்களின் எண்ணிக்கையால். சுற்றுலா ஊர்களின் விகிதத்தை எங்கே பார்த்தாலும் இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சின்ன எண்களிலும் உஷாராக இருக்க வேண்டும். ஒரு பகுதியில் போன வருஷம் ஒரு கொலை, இந்த வருஷம் இரண்டு என்றால் "கொலைகள் 100 சதவீதம் உயர்வு" என்று எழுத ஆள் இருக்கிறது.

எல்லைக்கோட்டுக் கதை புதுச்சேரிக்கே உரியது. இந்த யூனியன் பிரதேசத்தின் எல்லை தமிழ்நாட்டோடு துண்டு துண்டாகப் பின்னிக் கிடக்கிறது. முத்தியால்பேட்டையைத் தாண்டினால் கோட்டக்குப்பம். அது விழுப்புரம் மாவட்டம். "பாண்டி பீச்" என்று எல்லோரும் படம் போடுகிற செரினிட்டி கடற்கரை இருப்பது அந்தப் பக்கம். ஆரோவில்லின் பெரும்பகுதியும் தமிழ்நாட்டில்தான். அங்கே பையைப் பறிகொடுத்தவர் ஊருக்குப் போய் "பாண்டிச்சேரியில் போச்சு" என்பார். வழக்கு ஏறுவது தமிழ்நாட்டுக் கணக்கில். கெட்ட பெயர் ஒரு இடத்துக்கு, எண்ணிக்கை இன்னொரு இடத்துக்கு.

"ஏரியா" என்பதே பெரிய அளவு

அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரத்தில் போலீசுக்கு வந்த அழைப்புகளை லாரன்ஸ் ஷெர்மனும் அவருடைய குழுவும் முகவரி வாரியாகப் பிரித்து 1989இல் வெளியிட்டார்கள். நகரத்தின் மொத்த முகவரிகளில் சுமார் 3 சதவீதத்திலிருந்துதான் பாதி அழைப்புகள் வந்திருந்தன. வேறு பல நகரங்களிலும் பிறகு இதே மாதிரிதான் கிடைத்தது. மோசமான பகுதி என்று பெயரெடுத்த இடத்திலும் பெரும்பாலான தெருக்களில் பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை. குறிப்பிட்ட ஒரு பார் வாசல், ஒரு பேருந்து நிறுத்தம், வெளிச்சமில்லாத ஒரு பார்க்கிங் என்று சில புள்ளிகளில், அதுவும் சில மணி நேரங்களில், குவிந்து கிடக்கும். அந்த பார் மூடுகிற நேரத்தில் அதன் வாசலைத் தவிர்ப்பது புத்திசாலித்தனம். அதற்காக முழுப் பேட்டையையும் ஒதுக்குவதில் அர்த்தமில்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு வீட்டுப் பெண்களிடம் "உன் பயமெல்லாம் கற்பனை" என்று கிளம்பிவிடாதீர்கள். பெண்களும் முதியவர்களும் அதிகம் பயப்படுகிறார்கள், ஆனால் தெரு வன்முறையில் அதிகம் அடிபடுவது இளம் ஆண்கள் என்று பல நாட்டுக் கணக்கெடுப்புகளில் வந்தது. இதை ஒரு காலத்தில் பெரிய புதிராகப் பேசினார்கள். எனக்கு இதில் புதிர் எதுவும் தெரியவில்லை. எட்டு மணிக்கு மேல் வெளியே வராத பெண், எட்டு மணிக்கு மேல் தெருவில் நடப்பதன் கணக்கில் எப்படி வருவாள்? பின்னாலேயே வரும் பைக், பஸ்ஸில் உரசும் கை, ஜாடையாகச் சொல்லும் வார்த்தை, இதில் எது எஃப்.ஐ.ஆர். ஆகிறது? அந்தப் பயம் அவளுக்குத் தெரிந்த உண்மைகளிலிருந்து வருகிறது, பதிவேட்டில்தான் அந்தப் பக்கம் காலியாக இருக்கிறது. எதிர்த்திசையிலும் இதே ஓட்டை உண்டு. வாட்ச்மேன், கேமரா, கேட் எல்லாம் உள்ள அடுக்குமாடியில் ஓய்வு பெற்றவர் ஒருவரிடம் போனில் போலீஸ்போல் பேசி "டிஜிட்டல் அரெஸ்ட்" என்று மிரட்டி ஆயுள் சேமிப்பைப் பிடுங்குகிறவன் கேட்டைத் தாண்டி வருவதே இல்லை. அதற்கு உடனே அடிக்க வேண்டிய சைபர் குற்ற உதவி எண் 1930.

ஆகவே வீடு பார்க்கும்போது "ஏரியா எப்படி?" என்பதை விட்டுவிட்டு, சின்னச் சின்னதாகக் கேட்டால் உருப்படியான பதில் கிடைக்கும். ராத்திரி வண்டியை வெளியே நிறுத்துவீர்களா? கடைசி பஸ்ஸில் இறங்கி வரும் பெண்கள் எந்தத் தெரு வழியாக வருகிறார்கள்? கடைசியாக யார் வீட்டில் பூட்டு உடைத்தார்கள், எப்போது? தரகரிடம் கேட்பதைவிட இஸ்திரி வண்டிக்காரரிடமும், தெருமுனைக் கடை அம்மாவிடமும், நைட் ஷிப்ட் முடித்து வரும் நர்ஸிடமும் கேளுங்கள். ஒருமுறை பகலில், ஒருமுறை இரவு ஒன்பதரைக்கு, நீங்களே நடந்து பாருங்கள்.

வீடு எந்தக் காவல் நிலைய எல்லை என்பதையும் அப்போதே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது, அதுவும் முத்தியால்பேட்டை – கோட்டக்குப்பம் மாதிரியான இடங்களில். "இது எங்க லிமிட் இல்லை, அங்கே போங்க" என்று யாராவது அனுப்பப் பார்த்தால், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்ற நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவைச் சொல்லுங்கள். குற்றம் எங்கே நடந்திருந்தாலும் அந்த நிலையத்திலேயே ஜீரோ எஃப்.ஐ.ஆர். பதிந்து, உரிய நிலையத்துக்கு அவர்களே மாற்றி அனுப்ப வேண்டும்.